டீத்தூள் கவருக்குள்ளே

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசில் என்றால் போதும். "விசில் வந்தாச்சா?", "விசில் போயிடுச்சா?", "இன்னைக்கு விசில் லேட்டு" என்றுதான் பேச்சு. குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்று அவள் ஒரு ஊது ஊதினால் வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். ஒரு கை மட்டும் வெளியே வரும், கையில் ஒரு பை இருக்கும். முகம் வருவது அபூர்வம். பிரசவத்துக்கு லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்குத்தான் சில முகங்களும் வந்தன. "என்ன விசில், குட்டி விசில் எப்படி இருக்கு, நல்லா ஊதுதா?" என்று கேட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்த முகமாக இருந்தால்தான் வெயில் நேரத்தில் ஒரு வாய்த் தண்ணீராவது கேட்டு வாங்கிக் குடிக்க முடியும்.

தெரு சாதாரணத் தெரு இல்லை, மாதிரித் தெரு. நுழைந்ததும் அப்படி ஒரு பலகை இருக்கும். தெருக்கோடிச் சுவரில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் பல்லைக் காட்டிக்கொண்டு கைகோத்து நிற்கும். அதை வரைந்தது அவள் புருஷன் பெயிண்டர்தான். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறவனைக் கூப்பிட்டுத் தொட்டிக்குக் கண் மூக்கு வைக்கச் சொன்னால் என்ன வரும்? நீலத் தொட்டிக்கு ஒரு கண் மாறுகண்ணாகப் போய்விட்டது. "உன்னைப் பார்த்துத்தாண்டி வரைஞ்சேன்" என்று அவளைச் சீண்டுவான்.

மட்கும் குப்பை பச்சையில், மட்காத குப்பை நீலத்தில். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டம் போட்டு, திரை கட்டிப் படம் காட்டி, பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நல்ல மனிதர், ராப்பகலாக உழைத்தார். தெருவும் கற்றுக்கொண்டது. ஆனால் ஒரு வீடு என்றால் வெங்காயத் தோலும் பழைய பேப்பரும் மட்டுமா இருக்கிறது? டயபர், மாதவிலக்குத் துணி, சவர பிளேடு, ஒளித்துக் குடித்த பாட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களின் அழுக்கு, இதெல்லாம் பச்சையா நீலமா? அதற்கென்று சிவப்புத் தொட்டி வரும் என்றார்கள். வரவே இல்லை. தெரு முடிவில் லாரிக்குப் பக்கத்தில் மேஸ்திரி நின்றுகொண்டு டிரம்மைக் கவிழ்த்துப் பார்ப்பார். கலந்து கிடந்தால் போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார். தெருவுக்கே மானம் போகும், இவளுக்கு அன்றைக்கு ஆப்சென்ட் விழும்.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். டீத்தூள் கவர் நல்ல கெட்டியாக இருக்கும், சட்டென்று கிழியாது, நாற்றத்தை வெளியே விடாது. டீ குடிக்காத வீடும் இல்லை. "கண்டதையும் அந்தக் கவருக்குள்ள போட்டு, வாயை மடிச்சு, குப்பைக்கு நடுவுல வைச்சுப் பொதிஞ்சிடுங்க. மேஸ்திரி கண்ணுல படாது. மீதியை நான் பார்த்துக்கறேன்" என்று தனக்குப் பிடித்த இரண்டொரு வீடுகளில் சொன்னாள். அது காதும் காதும் வைத்த மாதிரி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தெரு முடிவதற்குள் அவள் பொட்டலங்களைத் தடவி எடுத்து, பச்சை டிரம்மின் அடியில் ஈரக் குப்பைக்குள் சொருகி, மேலே உள்ளங்கையால் அழுத்திவிடுவாள். கையுறை போட்டுக்கொண்டு பையின் முடிச்சை அவிழ்க்க முடியாது. அதனால் வலது கையுறை எப்போதும் இடுப்பில்தான் இருக்கும். அதற்கப்புறம் அவள் வேலைக்கு வந்த ஒரு நாளில்கூட அந்தத் தெருவின் போட்டோ குரூப்பில் வரவில்லை. மாதிரித் தெரு என்ற பலகை அதனால்தான் கிடைத்தது.

அன்றைக்கு விடியற்காலையில் மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நனைந்த குப்பை பிணம் மாதிரி கனக்கும். வண்டிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி இறங்கி ஏறியது. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து நேரமாகிவிட்டதால் அவளுக்கு மார் கல்லாகிக் கட்டியிருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு ஓடவேண்டும் என்ற அவசரத்தில் சேர்ந்து கிடந்த பொட்டலங்களை ஒன்றாக அள்ளி டிரம்மில் சொருகி அழுத்தினாள். கட்டைவிரலுக்குக் கீழே, சதை தடித்த இடத்தில், சுருக்கென்றது. கையை எடுத்தபோது கவரோடு சேர்ந்து வந்தது. ஊசிதான். இழுத்து உள்ளேயே போட்டாள். ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினாள். மறுபடி விசிலை ஊதிக்கொண்டே வண்டியைத் தள்ளினாள்.

கண்ணாடி கிழிக்காத நாள் உண்டா, ஆணி குத்தாத நாள் உண்டா? அந்தப் பழக்கம்தான் அவளுக்கு எமனாக வந்தது. டிரம்மைக் கவிழ்த்து, லாரி அதை விழுங்கி அரைத்துக்கொண்டு போன பிறகு, குழாயடியில் கை கழுவும்போதுதான் தெரு பெருக்கும் பெரியக்கா பார்த்தாள்.

"என்னடி கையில?"

"ஊசிக்கா. லேசாத்தான்."

"தைக்கிற ஊசியா?"

"இல்லக்கா. போடற ஊசி."

பெரியக்கா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அடிப்பாவி! எங்கே அந்த ஊசி?"

"லாரியில போயிடுச்சு."

"எந்த வீட்டுது?"

அவள் திரும்பித் தெருவைப் பார்த்தாள். தெரு துடைத்துவிட்டது போல இருந்தது. எந்த வீடு என்று எப்படிச் சொல்வாள்? கடைசிப் பாதித் தெருவின் பொட்டலங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளித்தானே சொருகினாள்.

பெரியக்கா அவளைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகப் பேசினாள். ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு வரும் நோய்கள் சிலவற்றைச் சொன்னாள். அதில் ஒன்றின் பெயரைக் கேட்டதும் பெரியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது. முதல் மாத்திரையை இப்பவே போட்டுக்கங்க. ஒரு மாசம் விடாமச் சாப்பிடணும்."

"சாப்பிடறேன் டாக்டர்."

"குழந்தைக்குப் பால் குடுக்கறீங்களா?"

"அது வேற எதையும் வாயில வாங்காது டாக்டர். குறைமாசத்துல பொறந்தது. இதுக்கு முன்னாடி ரெண்டு தங்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "இப்போதைக்கு நிறுத்திடுங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நேரம் இல்லைம்மா. உங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு உறுதியாத் தெரியறதுக்கு மாசக்கணக்கா ஆகும். யாரோட ஊசின்னு தெரிஞ்சு, அவங்க வந்து ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டா, அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா, இன்னைக்கே குடுக்கலாம்."

இன்னைக்கே என்ற சொல் மட்டும்தான் அவள் காதில் ஏறியது. வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். நாத்தனார் எடுத்தாள். பின்னால் குழந்தையின் குரல் கேட்டது. கத்திக் கத்திக் கம்மிப் போன குரல்.

"பாட்டில் பால் வைச்சியா?"

"வைச்சா துப்புது அண்ணி. ஸ்பூன்ல ஊத்துனேன், புரை ஏறிடுச்சு. நீங்க எப்ப வர்றீங்க? அதுக்கு நாக்கெல்லாம் காஞ்சு கிடக்கு."

"வந்துடறேன். சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன். அவர்கிட்ட சொல்லிடு."

மழை விட்ட வெயில் ஆளை வேகவைத்தது. விசில் இல்லாமல், வண்டி இல்லாமல் அவள் அந்தத் தெருவுக்குள் போவது அதுதான் முதல்தடவை. நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனாள். அவர் எல்லாவற்றையும் கேட்டார், உண்மையாகவே பதறிப் போனார். "இதைச் சும்மா விடக்கூடாது" என்று அவள் கண் முன்னாலேயே குரூப்பில் எழுதிவிட்டார். பயன்படுத்திய ஊசியைக் குப்பையில் போட்டது தண்டனைக்குரிய குற்றம், சம்பந்தப்பட்டவர் உடனே முன்வர வேண்டும், இல்லாவிட்டால் நடவடிக்கை நிச்சயம்.

"ஐயா, அப்படிப் போட்டா யாருங்கய்யா வருவாங்க?" அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தண்டனை எல்லாம் வேண்டாம்யா. வந்து ஒரு சொட்டு ரத்தம் குடுத்தாப் போதும்னு போடுங்க."

அவருக்கும் உறைத்தது. அழித்துவிட்டு வேறு எழுதினார். ஆனால் படிக்க வேண்டியவர்கள் எல்லாம் முதலாவதைப் படித்துவிட்டார்கள். அவள் படியிறங்கும்போதே எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று சாத்திக்கொண்டது.

கதவு கதவாகத் தட்டினாள். காலையில் பையோடு நீண்ட கைகளுக்கெல்லாம் இப்போது முகம் இருந்தது. அந்த முகங்களில் ஒன்றும் இல்லை. "எங்க வீட்ல ஊசியா? நாங்க தலைவலிக்குக்கூட மாத்திரை போடறதில்லம்மா." "எங்க தொட்டியை வேணும்னா பாரு, எவ்வளவு சுத்தமாப் பிரிச்சு வைச்சிருக்கோம்." ஒருவர் நிஜமாகவே தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பச்சைத் தொட்டியில் முட்டை ஓடு, நீலத்தில் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட். பார்க்கவே அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்துக்கொண்டு அவள் நிற்கையில் மார்பிலிருந்து பால் தானாகக் கசிந்து ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

இன்னொரு வீட்டு அம்மாள் மட்டும் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். "ஏம்மா, நீதானே எல்லாத்தையும் கவருக்குள்ள வைச்சுப் பொதிஞ்சு போடச் சொன்ன? கண்ணுக்குத் தெரியறமாதிரி போட்டிருந்தா உனக்கே தெரிஞ்சிருக்குமே. இப்ப எங்ககிட்ட வந்து கேட்டா?"

அந்த அம்மாள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? போட்டோவுக்குப் பயந்து அவள் சொல்லிக் கொடுத்த வித்தைதான் இது. தெருவின் அசிங்கம் தெரியாமல் இருக்கட்டும் என்று அவளே மூடி வைத்தாள். மூடி வைத்ததுதான் உள்ளே இருந்து குத்தியது. அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

டீச்சர் வீட்டில் மட்டும்தான் உட்காரச் சொன்னார்கள். ரிட்டையரான டீச்சர். புருஷன் இல்லை. வளர்ந்த மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தான், அவனைத் தெருவில் யாரும் பார்ப்பதில்லை. டீச்சர்தான் அவளுக்குத் தினமும் தண்ணீர் தருகிறவர், பிரசவத்துக்குப் பழைய மெத்தைத் துணியெல்லாம் துவைத்துக் கொடுத்தவர். இன்றைக்கும் டீ போட்டுக் கொடுத்தார். கப்பைக் கொடுக்கும்போது தட்டில் டீ சிந்தியது.

"குழந்தை என்ன பண்ணுது?"

"கத்திக்கிட்டே இருக்காம் டீச்சரம்மா. யாராவது ஒருத்தர் ஆமாம்னு சொல்லிட்டாப் போதும். கால்ல விழறேன். யாருகிட்டயும் சொல்லவே மாட்டேன்."

"கெடைச்சிடுவாங்கம்மா" என்றார் டீச்சர். உள் அறைக் கதவு பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "டீயைக் குடி, ஆறிடப் போகுது" என்று பேச்சை மாற்றினார்.

தெருக்கோடிக்கு வந்ததும் தன் புருஷன் வரைந்த தொட்டிகளுக்குக் கீழே குந்தி உட்கார்ந்தாள். அப்போது தையல்காரர் வந்தார். தெருவின் கடைசிக் கடை அவருடையது, மேலேயே வீடு. கழுத்தில் இஞ்ச் டேப்போடு, யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏம்மா விசில். எனக்குச் சர்க்கரை. தினம் ஊசி போட்டுக்கறேன். வீட்டம்மா அதைக் கவர்லதான் போடுவா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "நேத்து போட்டீங்களா அண்ணே?"

"நேத்தா... இல்ல, முந்தாநாளா இருக்கும். அவளைக் கேட்டா அவளுக்கும் சரியா ஞாபகம் இல்லைங்கறா. என்னுதாத்தான் இருக்கும்மா. வேற யாரு இருக்கா? அப்பவே வந்திருப்பேன். அந்த மெசேஜைப் பார்த்ததும் கையும் ஓடல, காலும் ஓடல."

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே. வாங்க, உடனே போயிடலாம்."

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். சர்க்கரை வந்ததிலிருந்து ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லையாம், பட்டனை மாற்றித் தைத்து வாடிக்கைக்காரரிடம் திட்டு வாங்கினாராம். "இந்த ஊசியால வாழ்ந்தேன், அந்த ஊசியால சாகப் போறேன்" என்று அவராகவே சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

டாக்டர் கூப்பிட்டாள். தையல்காரருக்குச் சர்க்கரையைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"இது இவரோட ஊசிதான்னு நிச்சயமாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தையல்காரர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நிச்சயம் டாக்டர். இவரு வீட்டுக் கவர்தான்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டாக்டர்."

தையல்காரர் இஞ்ச் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். டாக்டரின் முகம் தெளிந்தது. "அப்ப சரி. மாத்திரை வேண்டாம். போய்க் குழந்தைக்குப் பால் குடுங்க."

பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேண்டும் வேண்டும் என்று நினைத்ததில் அது நிஜமாகவே ஆகிவிட்டிருந்தது. அந்தக் கவரைத் தான் பார்த்தது போலவும், அதில் துணி நூல் ஒட்டிக்கொண்டிருந்தது போலவும்கூட இருந்தது. புருஷனுக்குப் போன் போட்டாள். "குடுக்கலாமாம்! தூங்க வைச்சிடாதீங்க, வந்துட்டே இருக்கேன்." அந்தப் பக்கம் அவன் குழந்தையிடம் கத்துவது கேட்டது. "ஏய் குட்டி, அம்மா வர்றாடா!"

வீட்டுக்குக் குறுக்கு வழி அந்தத் தெரு வழியாகத்தான். பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தாள். செருப்பில் சேறு ஒட்டிக் கனத்தது. பால் கட்டிய வலியில் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடினாள். டீச்சர் வீட்டைத் தாண்டும்போது ஜன்னல் திறந்தது.

"எங்கம்மா ஓடறே?"

"கெடைச்சிட்டாங்க டீச்சரம்மா! நீங்க சொன்ன மாதிரியே கெடைச்சிட்டாங்க. ரத்தம் சுத்தமாம். பால் குடுக்கப் போறேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. நல்ல சேதியை முதலில் சொல்லத் தகுந்தவர் டீச்சர்தான் என்று சந்தோஷமாக இருந்தது. "பாவம், அவருக்குச் சர்க்கரை ஊசியாம்."

டீச்சர் ஜன்னலை விட்டுப் போய்விட்டார். அவள் நாலு எட்டு வைத்திருப்பாள், கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் தெருவுக்கே வந்துவிட்டார், காலில் செருப்புகூட இல்லை. வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதே."

"என்ன டீச்சரம்மா?"

"அந்தப் பாலைக் குழந்தைக்குக் குடுத்துடாதே. டாக்டர் குடுத்த மாத்திரையையும் விட்டுடாதே."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்தபோதும் அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆசைதான் வந்தது. "உங்க வீட்டுதா? அதனால என்ன டீச்சரம்மா! தம்பியைக் கூட்டிட்டு வாங்க, இப்பவே போயிடலாம். அந்த டாக்டரம்மா நல்லவங்க, யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க. ஒரே ஒரு சொட்டுத்தான். பார்த்துட்டா நிம்மதி. தம்பிக்கும் நிம்மதி, எனக்கும்..."

"எடுக்க வேண்டாம்மா" என்றார் டீச்சர். "எடுத்தாச்சு. போன வருஷமே எடுத்தாச்சு."

மாடியில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. அவள் கையை விட்டால் ஓடிவிடுவாள் என்று பயந்தவர் மாதிரி இறுகப் பிடித்திருந்தார்.

"நான் வந்தப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா" என்றாள் அவள்.

"சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உள்ளே அவன் கேட்டுட்டு இருந்தான். வேற யாராவது ஆமாம்னு சொல்லிட மாட்டாங்களான்னு நெனைச்சேன். நெஜமா அவங்களுதாவே இருக்கட்டும்னு நெனைச்சேன்."

அவளும் அதையேதான் நினைத்தாள். ஆஸ்பத்திரியில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவள் சொன்னதும் அதேதான். கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். அப்புறம் அவள் ஓடவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். படியேறும்போதே அழுகை கேட்டது. அழுகை என்று சொல்வதைவிட, அழுவதற்குத் தெம்பில்லாத ஒரு விக்கல். வாசலில் பெயிண்டர் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். சட்டையெல்லாம் துப்பிய பால். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டா பாரு! யாரு வந்திருக்கா பாரு!"

குழந்தைக்கு அவள் வாசனை வந்துவிட்டது. விக்கல் சட்டென்று நின்றது. தலையைத் திருப்பி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அவளை நோக்கித் தாவியது. பெயிண்டர் குழந்தையை அவள் பக்கம் நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உள்ளே தூக்கிட்டுப் போ."

"என்னடி ஆச்சு? குடுக்கலாம்னு சொன்னியே?"

"உள்ளே போன்னு சொல்றேன்ல. ஸ்பூன்ல குடு. புரை ஏறுனாலும் பரவாயில்ல, கொஞ்சம் கொஞ்சமாக் குடு."

"அது உன்னைப் பார்த்துடுச்சுடி..."

அவனை நெஞ்சில் கை வைத்து உள்ளே தள்ளினாள். கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். உள்ளே குழந்தை வீறிட்டது. இவ்வளவு நேரம் இல்லாத தெம்பு அதற்கு எங்கிருந்துதான் வந்ததோ. பெயிண்டர் கதவை இழுத்தான். "திறடி! பைத்தியமா உனக்கு? திற!" நாத்தனாரும் உள்ளேயிருந்து கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

குழந்தை கத்தக் கத்த அவளுக்குப் பால் பெருகி, புடவை நனைந்து, சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்தது. ஊசி குத்திய இடம் கைப்பிடியில் அழுந்தி வலித்தது. கால் இரண்டையும் நிலையில் உதைத்துக்கொண்டு, அவள் பலம் எல்லாவற்றையும் சேர்த்துக் கதவை இழுத்துப் பிடித்தாள்.